எடை குறைந்தால் பசுமையா?

‘செயற்கை நுண்ணறிவு டிசைன் செய்த பசுமைக் கட்டடம்’ என்ற வாசகத்தை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். கட்டுமானக் கண்காட்சி நோட்டீஸிலும் இதுதான், கிடங்கு வாடகை விளம்பரத்திலும் இதுதான். பல்லவி ஒன்றே: கம்ப்யூட்டர் லட்சம் விதமாகப் போட்டுப் பார்த்து, இருப்பதிலேயே எடை குறைந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டது, இரும்பு மிச்சம், ஆகவே பூமிக்கு நல்லது.

முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ‘ஆகவே’ இருக்கிறதே, அதோடுதான் சண்டை.

முப்பது வருஷத்துக்கு மேல் தொழிற்சாலை ஷெட்டுகளுக்குக் கணக்குப் போட்டுச் சாப்பிட்டவன் நான். ஓய்வு பெற்று மறைமலை நகரிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் என் தொழில்தான் கண்ணில் படும். அதனால் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வைத்து எடையைக் குறைப்பது நேற்று வந்த அதிசயம் இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கட்டி முடியாத ஷெட் ஏதாவது கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். தூண் கீழே ஒல்லியாகவும் மேலே போகப் போகப் பருமனாகவும் இருக்கும். கோவில் தூணும் வீட்டுத் தூணும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும். காரணம் இருக்கிறது. தூணின் அடி, ஆங்கர் போல்ட்டில் கீல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அங்கே வளைவு விசை கிடையாது. தூணும் கூரைச் சட்டமும் சேரும் மூட்டில்தான் விசை உச்சம். எங்கே விசை அதிகமோ அங்கே மட்டும் இரும்பு, மற்ற இடத்தில் இளைப்பு. பி.இ.பி. ஷெட் என்று தொழிலில் சொல்கிறோமே, பிரீ-இன்ஜினியர்டு பில்டிங், அதன் சூட்சுமமே இதுதான். தகட்டை எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் வைத்தால் மொத்த எடை குறையும் என்று மென்பொருள் பல வருஷமாகவே தேடிக்கொண்டிருக்கிறது.

இதற்கும் முன்னால், 1904-ல், மெல்போர்னைச் சேர்ந்த மிச்செல் என்ற இன்ஜினியர் ஒரு சட்டகத்தை எவ்வளவு குறைந்த பொருளில் கட்ட முடியும் என்பதற்குக் கணித எல்லையே போட்டுக் கொடுத்துவிட்டார். 1988-ல் பெண்ட்சோவும் கிகுச்சியும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ‘இந்த இடத்தில் பொருள் வேண்டுமா, வேண்டாமா’ என்று கம்ப்யூட்டரே கட்டம் கட்டமாகத் தீர்மானிக்கும் முறை பரவியது. இப்போது வந்திருக்கும் ஏஐ அதையெல்லாம் வேகமாகச் செய்கிறது. வாரக் கணக்கில் ஆனது நிமிஷத்தில் முடிகிறது. நல்லதுதான்.

ஆனால் வேகமாக எதைத் தேடுகிறது? அதுதான் கேள்வி.

இப்படித் தேடுகிற எந்த மென்பொருளுக்கும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எதையெல்லாம் மாற்றலாம், எதை மீறக் கூடாது, எது குறைய வேண்டும். மூன்றாவதுதான் உயிர். பேரனிடம் காசு கொடுத்து, ‘கடையிலேயே விலை குறைஞ்ச அரிசியா பார்த்து வாங்கிட்டு வாடா’ என்றால் அவன் சரியாக வாங்கி வருவான். சோறு குழைந்து போனால் பையனைத் திட்ட முடியாது. எங்கள் தொழிலில் மூன்றாவது இடத்தில் எழுதப்படுவது ஒன்றே ஒன்று: டன். டெண்டர் டன்னில், பேரம் டன்னில், யாருக்கு ஆர்டர் என்பதும் டன்னில். அந்த டன்னுக்கு இப்போது பச்சைப் பெயின்ட் அடித்து ‘நிலைத்த வளர்ச்சி’ என்று விற்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உறையின் பின்பக்கத்தில் போடுகிற கணக்குதான், ஆனால் தப்பாது.

பத்தாயிரம் சதுர மீட்டர் ஷெட் ஒன்று. சதுர மீட்டருக்கு 30 கிலோ இரும்பு என்று வைத்தால் மொத்தம் 300 டன். மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக அதில் 10 சதவீதம் குறைத்துவிட்டது. 30 டன் மிச்சம். ஒரு டன் இரும்பு செய்ய நம் நாட்டில் சுமார் இரண்டரை டன் கரியமில வாயு போகிறது. ஆக மிச்சம் 75 டன். கைதட்டலாம்.

இப்போது கூரைக்கு வாருங்கள். அதே ஷெட்டின் கூரையில் பாதியில் மட்டும் சூரிய மின் பலகை போட்டால் ஏறக்குறைய 500 கிலோவாட். நம் வெயிலுக்கு வருஷத்துக்குச் சுமார் 7 லட்சம் யூனிட் வரும். நிலக்கரி மிகுந்த நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயு. அப்படியானால் வருஷத்துக்கு ஏறக்குறைய 500 டன் தவிர்க்கலாம். ஒரே தடவை மிச்சம் பிடித்த அந்த 75 டன்னை இந்தக் கூரை இரண்டே மாதத்தில் ஈட்டிவிடும். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும்.

பலகையின் எடை, தாங்கும் சட்டத்தோடு சேர்த்து, சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. அதைத் தாங்குமாறு கட்டக் கொஞ்சம் கூடுதல் இரும்பு வேண்டும். டன்னையே குறைக்கச் சொன்ன மென்பொருள் என்ன செய்யும்? அந்த 15 கிலோ யாரும் எழுதித் தராத சுமை. அதற்கு இரும்பு வைப்பது அதன் கணக்கில் வீண்செலவு. கூரையைச் சரியாக அந்த 15 கிலோ தாங்காத அளவுக்கு இளைத்து வைக்கும். அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யச் செய்ய, பிற்காலத்துக்கான வழி அடைபடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பெயர் வேண்டாம், நான் கணக்குப் போட்ட ஒரு கிடங்கில் நடந்ததே. ‘கொலாட்டரல் லோடு கொஞ்சம் சேர்த்துக்கலாம் சார், நாளைக்கு சோலார் போடுவாங்க’ என்று மீட்டிங்கில் சொன்னேன். ‘கஸ்டமர் கேக்கலையே சார், நாம சேர்த்தா டன்னேஜ் ஏறும், ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போயிடும்’ என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். நாலு வருஷம் கழித்து அதே உரிமையாளர் கூரையில் பலகை போட ஆசைப்பட்டார். பர்லினையெல்லாம் பலப்படுத்தினால்தான் முடியும் என்று தெரிந்து, செலவைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அந்தக் கூரை இன்றைக்கும் வெறும் தகரமாகத்தான் காய்கிறது.

சரி, இரும்பை விடுங்கள். அதே ஷெட்டின் தரையைப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் கனம் என்றாலும் 1,500 கன மீட்டர் கான்கிரீட். சாதாரண சிமென்ட் போட்டால் கன மீட்டருக்குச் சுமார் 300 கிலோ கரியமில வாயு. மொத்தம் 450 டன். இந்தத் தரை கூரைச் சட்டத்தை இளைக்கும் மென்பொருளின் கண்ணில் படுவதே இல்லை. அது வேறு கான்ட்ராக்ட், வேறு பில். அந்தக் கலவையில் கால் பங்கு கரியமில வாயுவைக் குறைத்தாலே 110 டன்னுக்கு மேல் மிச்சம். இரும்பில் பிடித்ததைவிட அதிகம். அதற்கு ராக்கெட் விஞ்ஞானமும் வேண்டாம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருக்கிறது, இரும்பாலைக் கசடு இருக்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த எல்.சி.3 சிமென்ட்டும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகத்தோடு நம் சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து பாடுபட்ட சிமென்ட் அது. வழக்கமான சிமென்ட்டைவிட 40 சதவீதம் வரை கரியமில வாயு குறைவு. 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்குத் தனித் தரமே, ஐ.எஸ். 18189, வெளியிட்டுவிட்டது. நம் டெண்டர்களில் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்?

அடுத்தது விதிமுறை விளையாட்டு. வேலை முடிந்த பிறகு ஆள் ஏறாத, சரிவு குறைந்த கூரைக்கு நம் ஐ.எஸ். 875 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 75 கிலோ சுமை எடுக்கச் சொல்கிறது. அமெரிக்க மெட்டல் பில்டிங் உற்பத்தியாளர் சங்கத்தின் கையேட்டைக் கையில் எடுத்தால் 57 கிலோ போதும். தகட்டின் அகலத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதத்திலும் நம் ஐ.எஸ். 800 கொஞ்சம் கண்டிப்பு. அமெரிக்க விதி தாராளம். செங்கல்பட்டு மாவட்டத்தில் நிற்கும் ஷெட்டுக்கு எந்த நாட்டு விதி என்பதை எது தீர்மானித்தது? டன்தான். இப்போது அதே இளைப்பை ஏஐ கண்டுபிடித்த சிக்கனம் என்று சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. சுமையைக் குறைத்து எழுதினால் எந்த மாணவனும் எடையைக் குறைத்துக் காட்டுவான்.

இன்னொரு விஷயம், வெளியே அதிகம் பேசப்படாதது. மென்பொருள் கடைசி வரை இளைத்துக் கொடுத்த சட்டத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில் 0.98, 0.99 என்று எண் நிற்கும். தாங்கும் திறனில் 98 சதவீதம் பயன்பட்டுவிட்டது என்று பொருள். காகிதத்தில் அழகு. விதியில் உள்ள பாதுகாப்புக் காரணிகள் அதற்குள் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் களத்தில் நடப்பது வேறு. எரெக்‌ஷன் செய்யும் பையன்கள் நாலு ஃபிளான்ஜ் பிரேஸை மாட்டாமல் விட்டுவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து லாரி போக வழி வேண்டும் என்று யாரோ சுவர்ப் பக்கத்துப் பிரேசிங்கை வெட்டிவிடுவார்கள். கூரையில் ஏ.சி. குழாய் தொங்கும். பழைய கட்டடங்களில் கொஞ்சம் தாராளம் இருந்தது. இந்தத் தப்பையெல்லாம் அது விழுங்கிக்கொண்டது. உச்சபட்சமாக இளைத்த சட்டத்துக்கு அந்த வயிறு கிடையாது. சென்னைப் பகுதிக்கு நம் காற்று விதி வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது இந்த ஊர்க்காரர்கள் காற்று என்றால் என்ன என்று பார்த்தோம். அந்த மாதிரி நாளில் கட்டடத்தைக் காப்பாற்றுவது கம்ப்யூட்டர் திரையில் உள்ள 0.98 இல்லை, முறையாக மாட்டிய போல்ட்.

இங்கே நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 23 கட்டடங்களின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு உத்திரங்களை ஆராய்ந்து 2014-ல் எழுதினார்கள்: சராசரியாக, திறனில் பாதிகூடப் பயன்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடச் சோம்பல்பட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வாங்கிப் போட்டதன் விளைவு. அந்த மாதிரி வேலைக்கு ஏஐ வரட்டும், மாலை போட்டு வரவேற்கிறேன். பெரும்பாக்கத்தில் 2022-ல் திறந்த 1,152 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டிக் கட்டியது. இப்படி ஒரே மாதிரித் துண்டைத் திரும்பத் திரும்ப வார்க்கும் இடத்தில், ஒரு துண்டில் ஒரு கிலோ குறைத்தாலும் அது பல மடங்காகும். அங்கே இந்தக் கருவிக்கு உண்மையான வேலை உண்டு. ஆகவே கருவியைத் திட்டவில்லை. கருவிக்குக் கொடுக்கும் கேள்வியைத் திட்டுகிறேன்.

கான்கிரீட் கலவைக்கும் ஏஐ வந்துவிட்டது. அமெரிக்காவில் மெட்டா நிறுவனமும் இல்லினாய் பல்கலைக்கழகமும் சேர்ந்து அப்படி உருவாக்கிய கலவையை டேட்டா சென்டர் கட்டப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கரியமில வாயு கணிசமாகக் குறைந்ததாகச் சொல்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் நம் ஊரில் அதை அப்படியே இறக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆராய்ச்சிகளில் பெரிதும் புழங்குவது தைவான் பேராசிரியர் யே தொகுத்த 1,030 சோதனைகளின் பட்டியல். அதில் சிமென்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று எட்டு விவரங்கள். எந்த மணல் என்று ஒரு விவரம் கிடையாது. நமக்கோ ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்துவிட்டது. அந்த எம்-சாண்டும் குவாரிக்குக் குவாரி, லோடுக்கு லோடு வேறு. மே மாத வெயிலில் ஒரகடம் டிராஃபிக்கில் நிற்கும் ரெடிமிக்ஸ் லாரியில் ஸ்லம்ப் எவ்வளவு இறங்கும் என்று தைவான் பட்டியலுக்குத் தெரியாது. நம் ஊர்க் கலவை பிளான்ட்டுகளில் தினமும் கியூப் உடைத்துச் சோதனை செய்கிறார்கள். அந்த எண்கள் ஃபைலில் தூங்குகின்றன. தரமணி கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமோ ஐ.ஐ.டி.யோ அவற்றை ஒன்றுசேர்த்துப் பொதுவில் வைத்தால், நமக்கென்று உருப்படியான ஏஐ பிறக்கும். அதுவரை கடன் வாங்கிய கண்ணாடிதான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஷெட்டுக்குள் இருக்கும் மனிதர்கள். டன்னைக் குறைக்க எளிய வழி உயரத்தைக் குறைப்பது. தூண் குட்டையானால் இரும்பும் குறையும், சுவர்த் தகரமும் குறையும். முகட்டுக் காற்றுப்போக்கியைக் கழற்று, கண்ணாடிக் கம்பளித் தடுப்பை மெல்லியதாக்கு, செலவு இன்னும் இறங்கும். அப்புறம் அந்தத் தகரத்தின் கீழே பன்னிரண்டு மணி வெயிலில் பேக்கிங் செய்கிற பெண் பிள்ளைகளுக்கு ராட்சச மின்விசிறி மாட்டிக் கரண்ட் பில் கட்டுவார்கள். வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஷெட்டுக்குள் வெப்பம் இத்தனை டிகிரியைத் தாண்டக் கூடாது என்று மென்பொருளிடம் ‘மீறக் கூடாதது’ பட்டியலில் எழுதிக் கொடுத்த டெண்டர் ஒன்றைக்கூட என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

ஏன் எழுதுவதில்லை? கட்டுகிறவர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர் ஒருவர், வியர்ப்பவர் மூன்றாமவர். கட்டுகிறவருக்குச் சாவி கொடுத்தவுடன் கணக்கு முடிந்தது. அவர் கேட்கிற கேள்விக்குத்தான் கம்ப்யூட்டர் விடை சொல்லும். மற்ற இருவரின் கேள்வி கம்ப்யூட்டர் வரைக்கும் வந்து சேர்வதே இல்லை.

பொறுப்பு என்று ஒன்றும் இருக்கிறது. இந்தத் தொழில் சாலைகளுக்குப் பக்கத்திலேயே, மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 மாலை 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 உயிர் போனது. அதற்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்விகள் என்ன? யார் வரைந்தார், யார் சரிபார்த்தார், யார் கையெழுத்துப் போட்டார். ஏஐ வரைந்தால் அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில்? மென்பொருள் கம்பெனியின் உரிம ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ‘முடிவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்றிருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் கையால் ஒரு தடவையாவது சரிபார்க்க முடியாத வடிவத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. இளைய இன்ஜினியர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

கடைசியாக, புதிதாகக் கட்டாமல் விடுவதைப் போன்ற சிக்கனம் எதுவும் இல்லை. எங்கள் ஊர் ஃபோர்டு தொழிற்சாலையைப் பாருங்கள். 2021-ல் மூடப்போவதாக அறிவித்து, 2022-ல் கடைசிக் கார் வெளியே வந்தது. அந்தக் கூரைகளும் தரைகளும் அங்கேயே நின்றன. 2025 அக்டோபரில் அதே இடத்தில் என்ஜின் தயாரிக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது ஊரே வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசியது, சரிதான். எனக்கு இன்னொன்றும் தோன்றியது. நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தை எவ்வளவு தூரம் பயன்படுத்துகிறார்களோ, அவ்வளவு இரும்பும் சிமென்ட்டும் புதிதாக வேண்டாம். அந்த மிச்சத்தை எந்த மென்பொருளும் விஞ்ச முடியாது. பழையதைப் பயன்படுத்த வேண்டுமானால், கட்டும்போதே பிற்காலச் சுமைக்கு இடம் விட்டிருக்க வேண்டும். மீண்டும் அந்த 15 கிலோ கதைதான்.

ஆகவே என் கோரிக்கை இன்ஜினியர்களிடம் இல்லை, நிலம் கொடுப்பவர்களிடமும் கட்டச் சொல்பவர்களிடமும்தான். சிப்காட் மனை ஒதுக்கும்போது எத்தனையோ நிபந்தனை போடுகிறது. இவற்றையும் சேர்க்கட்டும். கூரை முழுவதும் சோலார் சுமை தாங்க வேண்டும். சுமைக் கணக்கு இந்திய விதிப்படி இருக்க வேண்டும். அடித்தளம், தரை, கூரை மூன்றையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கரியமில வாயு, கட்டடத்தின் ஆயுள் எத்தனை வருஷம் என்று எழுதித் தர வேண்டும். உள்ளே வேலை செய்பவர் தலை உயரத்தில் வெப்பம் எவ்வளவு என்று காட்ட வேண்டும். 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் இந்தப் பகுதித் தொழிற்சாலைகள் நின்றுபோனதை மனதில் வைத்து, தரைமட்டம் எந்த நீர்மட்டத்துக்கு மேலே என்று சொல்ல வேண்டும். பிற்காலத்தில் கழற்றி வேறு இடத்தில் பூட்ட முடியுமா என்று ஒரு வரி. அடியில் ஒரு மனிதரின் பெயரும் கையெழுத்தும்.

இதையெல்லாம் கொடுத்துவிட்டு ஏஐயை அவிழ்த்து விடுங்கள். ஒன்றோடொன்று முட்டும் இத்தனை நிபந்தனைகளுக்கு நடுவில் நல்ல வழி தேடுவதில்தான் அதன் உண்மையான திறமை இருக்கிறது. மனிதன் ராத்திரி பகலாக உட்கார்ந்தாலும் அத்தனை வழிகளைப் போட்டுப் பார்க்க முடியாது. அப்படித் தேடி அது கொடுக்கும் ஷெட் டன் கணக்கில் கொஞ்சம் கனமாகக்கூட இருக்கலாம். இருக்கட்டும். அதைப் பசுமை என்று சொல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை.